தலைவர் இல்லாத குழுவின் தாளம்: மிங்கஸுக்கு டேனி ரிச்மண்ட் செலுத்திய அஞ்சலி

1980ஆம் ஆண்டு ஐந்து ஜாஸ் இசைக்கலைஞர்கள் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினர். அவர்களுள் நால்வர், 1970களின் பிற்பகுதியில் ஒரே தலைவரின் கீழ் ஒரே மேடையில் வாசித்தவர்கள்: டிரம்பெட்டில் ஜேக் வால்ரத், டெனர் சாக்சபோனில் ரிக்கி ஃபோர்டு, பியானோவில் பாப் நெலம்ஸ், டிரம்ஸில் டேனி ரிச்மண்ட். ஐந்தாமவரான கேமரன் பிரௌன் மட்டுமே அந்த வரிசைக்குப் புதியவர். அவர் ஏந்தியிருந்தது டபுள் பேஸ் என்னும் பெருந்தந்திக் கருவி. குழுவில் காலியாகியிருந்த இடமும் அதுவே. அந்த இடத்துக்கு உரியவரான சார்லஸ் மிங்கஸ் 1979 சனவரி 5 அன்று மெக்சிகோவின் குவர்னவாகா நகரில் தமது 56ஆம் வயதில் இறந்துவிட்டிருந்தார். அவர் இயற்றிய இசையை அவர் இல்லாமல் வாசித்து அவர்கள் உருவாக்கிய தொகுப்பு, 'டேனி ரிச்மண்ட் பிளேஸ் சார்லஸ் மிங்கஸ்' என்ற பெயரில் டைம்லெஸ் என்னும் டச்சு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது.

தலித் உரிமைத் தளத்தில் இதைப் பற்றி எதற்காகப் பேச வேண்டும் என்ற கேள்வி எழலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972இல் மும்பை இளைஞர்கள் தம் இயக்கத்துக்குச் சிறுத்தையின் பெயரை அங்கிருந்தே எடுத்துக்கொண்டனர். அந்த மக்களின் மனுக்களையும் இயக்கங்களையும் நாம் ஓரளவு படித்திருக்கிறோம். அவர்கள் தம் தலைவர்களை எவ்வாறு நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதை அந்த அளவுக்குப் படிக்கவில்லை.

மிங்கஸ் 1922 ஏப்ரல் 22 அன்று அரிசோனா மாநிலத்தின் நோகாலெஸில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தார். இளமையில் அவர் பயின்றது செல்லோ. ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குழுக்களில் கறுப்பருக்கு இடமில்லை, ஆகவே பேஸுக்கு மாறுவதே பிழைக்கும் வழி என்று நண்பர் படி காலெட் அறிவுறுத்தினார். திறமைக்குக் குறைவில்லை, வாசல் மூடியிருந்தது. தொழிற்சங்கத்திலும் இதே நிலைதான். லாஸ் ஏஞ்சலிஸில் இசைக்கலைஞர் சங்கத்துக்கு இரண்டு கிளைகள் இருந்தன. 47ஆம் கிளை வெள்ளையருக்கு, 767ஆம் கிளை கறுப்பருக்கு. வருமானம் மிகுந்த திரைப்பட, வானொலி வேலைகள் முதல் கிளை வழியாகவே சென்றன. காலெட் முன்னின்று நடத்திய இணைப்பு முயற்சியில் மிங்கஸும் பங்குகொண்டார். 1953இல் இரு கிளைகளும் ஒன்றாயின. தொழிலாளர் ஒற்றுமை பேசும் சங்கத்துக்குள்ளேயே பிரிவினை எவ்வாறு குடியிருக்க முடியும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நியூயார்க்கிலோ வேறொரு பூட்டு. 1940 முதல் 1967 வரை அந்நகரின் மது விற்கும் கேளிக்கை விடுதிகளில் வாசிக்க விரும்பும் எவரும் காவல்துறை வழங்கும் அடையாள அட்டையைப் பெற்றாக வேண்டும். ஒரு வழக்கு, ஒரு கைது போதும், அட்டை பறிக்கப்படும். பில்லி ஹாலிடேவும் தெலோனியஸ் மங்கும் அவ்வாறே பல ஆண்டுகள் அந்நகர விடுதிகளிலிருந்து விலக்கப்பட்டனர். இசைப்பதற்குக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று தேவைப்பட்ட காலம் அது. மிங்கஸ் இவற்றுக்கெல்லாம் அமைப்பு வழியில் விடை தேடினார். 1952இல் டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து 'டெபியூட்' என்னும் சொந்த ஒலித்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1960இல் நியூபோர்ட் இசைவிழாவின் ஊதியப் பாகுபாட்டை எதிர்த்து, அதே ஊரில் அதே நாட்களில் ரோச்சுடன் போட்டி விழாவும் நடத்தினார். இம்முயற்சிகள் எவையும் நீண்ட நாள் நிற்கவில்லை. எனினும், இசை யாருடைய உடைமை என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

டேனி ரிச்மண்ட் நியூயார்க்கில் பிறந்து, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் வளர்ந்தவர். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வூல்வொர்த் கடையின் உணவு மேடையில் அமர்ந்து, பரிமாறும்வரை எழ மாட்டோம் என்றார்களே, அதே கிரீன்ஸ்பரோதான். ரிச்மண்ட் முதலில் சாக்சபோன் கலைஞர். இருபது வயதைக் கடந்த பின்னரே டிரம்ஸ் பக்கம் திரும்பினார். முழுமையாகத் தேர்ச்சி பெறாத அந்த இளைஞரை மிங்கஸ் தம் குழுவில் சேர்த்துத் தாமே பயிற்றுவித்தார். 1957இல் பதிவான 'த க்ளவுன்' தொகுப்பில் ரிச்மண்டின் டிரம்ஸைக் கேட்கலாம். 1970களின் தொடக்கத்தில் ராக் குழுக்களோடு கழித்த சில ஆண்டுகள் நீங்கலாக, மிங்கஸின் இறுதிக்காலம்வரை அவர் உடனிருந்தார். மிங்கஸின் குழுக்களில் கலைஞர்கள் வந்தனர், சென்றனர், துரத்தப்பட்டனர்; டிரம்ஸின் பின்னால் மட்டும் பெரும்பாலும் அதே முகம்.

இந்த நீண்ட உடனிருப்பு ஏன் முக்கியம் என்பதற்கு, மிங்கஸ் இசையைக் கற்பித்த முறையைச் சற்று விளக்க வேண்டும். அவருக்கு இசைக்குறியீடு நன்றாகத் தெரியும். பெரும் படைப்புகளை எழுதியும் வைத்தார். ஆயினும் 'ஜாஸ் வொர்க்ஷாப்' என்று தாம் பெயரிட்ட குழுக்களில் பெரும்பாலும் தாளைக் கொடுக்காமல், ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைப் பாடியும் பியானோவில் வாசித்தும் காட்டுவார். காதால் வாங்கிக்கொண்டது உடலில் தங்கும், தாளைப் பார்த்து வாசித்தது தாளோடு போய்விடும் என்பது அவரது நிலைப்பாடு. தாளத்தைப் பற்றியும் அவருக்கென ஒரு விளக்கம் இருந்தது. ஒவ்வோர் அடியையும் புள்ளியாகக் கருதாமல், அதைச் சுற்றி ஒரு வட்டம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். வட்டத்துக்குள் எங்கு வாசித்தாலும் தாளம் தவறாது. அதே வேளையில் இறுக்கமும் இராது. இதை நடைமுறையில் செய்து காட்ட, பேஸ் எங்கே சாயும் என்பதைக் கணநேரத்துக்கு முன்பே உணரும் டிரம்ஸ் கலைஞர் வேண்டும். வேகம் நடுவழியில் இரட்டிப்பாகும், பாதியாகும், நின்றேவிடும். சைகை எதுவுமின்றி இருவரும் ஒன்றாகத் திரும்புவார்கள். அந்த அறிவு எந்தத் தாளிலும் இல்லை. இருவர் உடல்களில் இருந்தது. 1979க்குப் பின் ஒருவரிடம் மட்டுமே எஞ்சியது.

ரிச்மண்டின் குரலும் நமக்கு முக்கியம். அதற்கு லிட்டில் ராக் செல்ல வேண்டும்.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரௌன் வழக்கில், நிறத்தின் அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1957 செப்டம்பரில், ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய முயன்றனர். மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், அமைதி காப்பதாகக் கூறி மாநிலக் காவற்படையை நிறுத்தினார். செப்டம்பர் 4 அன்று அப்படை தடுத்தது கலகக் கும்பலையன்று, மாணவர்களை. மூன்று வாரங்களுக்குப் பின் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 101ஆம் வான்படைப் பிரிவை அனுப்பிய பிறகே, துப்பாக்கி ஏந்திய படைவீரர்களின் நடுவே அக்குழந்தைகள் வகுப்பறைக்குச் செல்ல முடிந்தது. 1958இல் கூப்பர் எதிர் ஏரன் வழக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் என்று ஒருமனதாக மீண்டும் சொல்ல நேர்ந்தது. ஃபாபஸின் மறுமொழி, 1958–59 கல்வியாண்டில் லிட்டில் ராக்கின் பொது உயர்நிலைப் பள்ளிகளையே மூடியது. கலந்து படிப்பதைவிட யாரும் படிக்காமலிருப்பதே மேல்! அவர் 1967வரை அப்பதவியில் நீடித்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாக்காளர்கள் அவரைத் தண்டிக்கவில்லை. தீர்ப்பு பெறுவதற்கும் அது வாசற்படி வரை வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள தொலைவில்தான் நமது தொழிலின் பெரும்பகுதி கழிகிறது.

அந்த ஆளுநரைக் கேலி செய்து மிங்கஸ் அமைத்த உருப்படி 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. ஃபாபஸைப் பற்றிய கட்டுக்கதைகள் என்று பொருள் கொள்ளலாம். 1959இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவான 'மிங்கஸ் ஆ அம்' தொகுப்பில் அது சொற்களின்றி, இசையாக மட்டுமே இடம்பெற்றது. வரிகளை நிறுவனம் ஏற்கவில்லை என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு அக்டோபரில், கேண்டிட் என்னும் சிறிய நிறுவனத்துக்காக, நாட் ஹென்டாஃப் தயாரிப்பில், எரிக் டால்ஃபி, டெட் கர்சன், ரிச்மண்ட் ஆகியோருடன் மிங்கஸ் அதை மீண்டும் பதிந்தார். இம்முறை வரிகளுடன். 'ஒரிஜினல்' என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டது, எது மூலம், எது வெட்டப்பட்டது என்பதற்கான அறிவிப்பாகவே நமக்குத் தோன்றுகிறது.

அப்பதிவில் மிங்கஸ் கேள்வி கேட்பார், டிரம்ஸ் வாசித்தபடியே ரிச்மண்ட் பதில் கூவுவார். கோமாளி யார் என்ற பொருளில் தலைவர் வினவ, ஆளுநரின் பெயரை அவர் சொல்வார். கறுப்பினத் தேவாலயங்களில் போதகர் அழைக்கச் சபை மறுமொழி தரும் வடிவம் அது. ஆனால் இங்கு சபையாக இருப்பவர் ஒரே ஒருவர், அவருடைய கைகளும் கால்களும் வேறு வேலையில் இருக்கின்றன. பயிற்சி பெற்ற பாடகரின் குரலன்று அது. தெருமுனையில் ஒருவர் முழக்கமிட மற்றவர் வாங்கிச் சொல்லும் குரல். இத்தொகுப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றுகொண்டு, விடுதியில் இருப்பதாகப் பாவித்து, கண்ணாடிக் குவளைகளை ஒலிக்க வேண்டாம் என்று இல்லாத பார்வையாளர்களை மிங்கஸ் கேட்டுக்கொள்கிறார். அதே ஆண்டு, அதே நிறுவனத்துக்காக மாக்ஸ் ரோச் பதிந்த 'வீ இன்சிஸ்ட்' தொகுப்பின் அட்டையில் உணவு மேடைப் போராட்டத்தின் காட்சி இடம்பெற்றது. அரசியலை ஜாஸுக்குள் அவ்வளவு வெளிப்படையாகக் கொண்டுவந்த இவ்விரு ஒலித்தட்டுகளிலும் டிரம்ஸ் கலைஞர்கள் முன்வரிசையில் நின்றது தற்செயலா என்று நமக்கு ஐயம் உண்டு.

ஏனெனில் முழவுக்கு அந்த நாட்டில் ஒரு சட்ட வரலாறே இருக்கிறது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முழவு கொட்டிக் கிளர்ந்தெழுந்தனர். 1740இல் அக்குடியேற்றம் இயற்றிய சட்டம், அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருப்பதைத் தடைசெய்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கம் போன்ற சில இடங்களில் மட்டுமே ஞாயிறுதோறும் ஆப்பிரிக்கத் தாளம் வெளிப்படையாக ஒலிக்க முடிந்தது. பறையை இதனுடன் உடனே ஒப்பிடத் தோன்றும். ஆனால் ஒப்புமை நேர்கோட்டில் செல்லவில்லை. அங்கே ஆண்டைகள் முழவைக் கண்டு அஞ்சிப் பறித்தனர். இங்கே சாதி அதைக் கழுத்தில் மாட்டி, சாவுக்கும் திருவிழாவுக்கும் கூலியின்றி அடிக்கச் சொன்னது. எனவே அங்கே முழவை எடுப்பது விடுதலையின் செயல். இங்கே முதலில் கீழே வைப்பதும், பிறகு நம் விருப்பத்தில் நம் மேடையில் மீண்டும் எடுப்பதும் விடுதலையின் செயல்களாயின.

1977இல் மிங்கஸுக்கு நரம்பணுக்களைச் சிதைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் இருப்பது தெரியவந்தது. விரல்கள் முதலில் கைவிட்டன. 1978 சூனில் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நடந்த ஜாஸ் விழாவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். கூட்டம் எழுந்து கைதட்டியபோது அழுதார். குடியரசுத் தலைவர் கார்ட்டர் அருகில் வந்து தேற்றினார். 1966இல் இதே மனிதர் நியூயார்க்கில் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டு, அவரது பேஸும் இசைத்தாள்களும் தெருவில் கிடந்ததைத் தாமஸ் ரைக்மனின் ஆவணப்படம் பதிந்திருக்கிறது. இரு காட்சிகளையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. மரணத்துக்குப் பின் அவரது விருப்பப்படி மனைவி சூ மிங்கஸ் அஸ்தியைக் கங்கையில் கரைத்தார். இந்திய மெய்யியலும் மறுபிறவியும் அவரை ஈர்த்திருந்தன. அதே கர்மக் கோட்பாடு இம்மண்ணில் யாரை எங்கே நிறுத்தியது என்று அவரிடம் சொல்ல எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இறந்த ஆண்டிலேயே அஞ்சலிகள் தொடங்கின. மிகுந்த கவனம் பெற்றது ஜோனி மிட்செல் என்னும் வெள்ளையினப் பாடகியின் 'மிங்கஸ்' தொகுப்பு. அது மிங்கஸ் உயிருடன் இருந்தபோது அவரே விரும்பித் தொடங்கிய கூட்டுமுயற்சி என்பதால் அதைக் குறைகூற நாம் முனையவில்லை. சூ மிங்கஸின் முயற்சியில் 'மிங்கஸ் டைனஸ்டி' குழு அமைந்தது; ரிச்மண்ட் அதிலும் வாசித்தார். அதே 1979இல் இத்தாலியின் சோல் நோட் நிறுவனத்துக்காகத் தம் பெயரில் 'ஓட் டு மிங்கஸ்' தொகுப்பையும் பதிந்தார். தொடக்கத்தில் கூறிய டைம்லெஸ் தொகுப்பு அதற்கு அடுத்தது. ஒன்று இத்தாலி, மற்றொன்று நெதர்லாந்து! தம் நாட்டின் மாபெரும் இசையமைப்பாளர்களுள் ஒருவரை இருபதாண்டுக் கால உடனுழைப்பாளர் நினைவுகூர, ஐரோப்பாவின் சிறு நிறுவனங்களே முன்வந்தன. அக்காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் பலரின் துணிச்சலான பதிவுகள் ஐரோப்பாவிலேயே வெளியாயின.

இங்கே சட்டத்தின் கணக்கையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, ஓர் இசைப்படைப்பு ஒருமுறை ஒலித்தட்டாக வெளிவந்துவிட்டால், நிர்ணயித்த தொகையைச் செலுத்தி எவரும் அதை மீண்டும் பதியலாம். அத்தொகை இயற்றியவருக்கோ அவரது வாரிசுகளுக்கோ செல்லும். நியாயமே. ஆனால் அந்த மெட்டு தாளத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பதை ஆண்டுக்கணக்கில் வாசித்து வாசித்து உருவாக்கிய டிரம்ஸ் கலைஞருக்கு, அதில் ஆசிரியர் என்ற தகுதி வழக்கமாகக் கிடைப்பதில்லை. மரபான வானொலி நிலையம் அப்பாடலை ஒலிபரப்பினால் இயற்றியவருக்குத் தொகை உண்டு. வாசித்தவருக்கு அந்நாட்டில் இன்றும் இல்லை. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் நிகழ்த்துநர் உரிமை 1994 திருத்தத்தில்தான் நுழைந்தது. அது வலுப்பெற 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதியவர் படைப்பாளி, அடித்தவர் கூலியாள் என்ற பிரிவு சட்டப்புத்தகத்துக்குள் இயல்பாக வந்து அமர்ந்துகொள்கிறது. ரிச்மண்டின் தொகுப்புத் தலைப்பில் வாசித்தவரின் பெயர் முதலிலும் இயற்றியவரின் பெயர் அடுத்தும் வருவதை இந்தப் பின்னணியில் படித்தால், அது வெறும் சம்பிரதாயமாகத் தெரியவில்லை.

மிங்கஸை முழுமையான நாயகராக வரைவதில் நமக்கு உடன்பாடில்லை. 1962இல் தம் குழுவின் டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரை வாயில் குத்தினார். பல் உடைந்தது, உதடுகளால் ஊதிப் பிழைக்கும் ஒருவருக்கு அது வாழ்வாதாரத்தின் மீதான அடி. நீதிமன்றம் மிங்கஸைக் குற்றவாளி எனக் கண்டு, தண்டனையை நிறுத்திவைத்தது. அவரது தன்வரலாறான 'பினீத் தி அண்டர்டாக்' பெண்களைப் பற்றிப் பேசும் விதமும் நம்மை நெளியவைப்பது. நிறவெறியின் காயம் இவற்றுக்கு விளக்கமாகலாம், நியாயமாகாது. பிற்காலத்தில் நெப்பரே மிங்கஸுடன் மீண்டும் வாசித்தார். மிங்கஸ் டைனஸ்டியிலும் இருந்தார். அவர் மன்னித்தாரா, இசைக்காகப் பொறுத்தாரா என்பதை அவருக்காக நாம் தீர்மானிக்க முடியாது. அரசியலில் பக்தி சீரழிவுக்கான பாதை என்று அரசியல் நிர்ணய அவையில் அம்பேத்கர் எச்சரித்தது இசைக்குழுக்களுக்கும் பொருந்தும். ரிச்மண்டின் அஞ்சலியில் நாம் மதிப்பது, அது சிலை எழுப்பாமல் வேலையைத் தொடர்ந்ததை. அடுத்த தலைமுறையின் ஃபோர்டுக்கும் பிரௌனுக்கும் அந்த வட்டத் தாளத்தின் உட்பொருள், தலைவர் கற்பித்த அதே வழியில், உடன் வாசிப்பதன் மூலமே போய்ச் சேர்ந்தது.

ரிச்மண்ட் 1988 மார்ச்சில் நியூயார்க்கில் இறந்தார். மறு ஆண்டு சூனில், மிங்கஸ் எழுதி வைத்துவிட்டுச் சென்ற இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட 'எபிடாஃப்' என்னும் பெரும்படைப்பு, குந்தர் ஷுல்லர் நடத்த, நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் முதன்முறையாக முழுமையாக ஒலித்தது. 1993இல் மிங்கஸின் கையெழுத்துத் தாள்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பெற்றுக்கொண்டது. தாளில் இருந்தவை பத்திரமாயின. தாளில் இல்லாதவற்றைக் கேட்க விரும்பும் மாணவர்கள், முதலில் 1959ஆம் ஆண்டின் ஊமைப் பதிவையும், பிறகு 1960ஆம் ஆண்டின் குரல் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். இரண்டிலும் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அதன் பிறகு 1980ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு வாருங்கள். பேஸ் வாசிப்பவர் வேறு என்பது முதல் சில நொடிகளிலேயே காதுக்குத் தெரிந்துவிடும். டிரம்ஸ் அவருக்காக எங்கெங்கே சற்று நின்று இடம் கொடுக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.